சிக்மா கணக்கு வராத தம்பிக்கு

முழங்காவிலில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேர், Σர, Σர², Σர³ மூன்றுக்கும் சூத்திரம் பாடம். ஆனாலும் கணக்கைக் கண்டால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ர = 5 முதல் 20 வரை (3ர − 2) இன் கூட்டுத்தொகை எனக்கு ஒருதரம் 598 வந்தது, இன்னொருதரம் 555 வந்தது. புத்தகத்தில் விடை 568. Σ ர(ர + 2), Σ 1/(ர(ர + 2)) இரண்டும் ஓடவே இல்லை. இதற்கெல்லாம் பொதுவாக ஒரு வழி இருக்கிறதா?"

இருக்கிறது. அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். வினாத்தாளில் ஆங்கில எழுத்துகள் வரும். நான் இங்கே எண்ணிக்கொண்டு போகும் எழுத்தை ர என்றும், கடைசியில் நிற்கும் எண்ணை ந என்றும் எழுதுகிறேன். கணக்கு மாறாது.

தம்பி, மூன்று சூத்திரமும் பாடம் என்கிறீர். நான் கண்ட அளவில் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. சூத்திரம் பாடமான பிள்ளை Σ ஐக் கண்டவுடன் எந்தச் சூத்திரத்தைப் போடலாம் என்று தேடும். அந்தக் குறி என்ன சொல்கிறது என்று வாசிக்காது. Σ, அதாவது சிக்மா, ஒரு கட்டளை, அவ்வளவுதான். கீழே உள்ள எண்ணில் தொடங்கு, ஒவ்வொன்றாக ஏறு, மேலே உள்ள எண்ணில் நில், ஒவ்வொரு முறையும் கிடைத்ததைக் கூட்டு. கணித மேதை ஒயிலர் 1755 இல் வெளிவந்த தன் புத்தகத்தில் கூட்டுத்தொகைக்கு இந்தக் கிரேக்க எழுத்தைப் போட்டார். நீட்டி எழுதுவதைச் சுருக்குவதற்காக வந்த குறி இது. அவர் நீட்டி எழுதிப் பழகிய பிறகு சுருக்கினார். நாங்கள் சுருக்கத்தில் தொடங்கி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அதனால் முதல் வேலை, விரித்து எழுதுவது. எல்லாவற்றையும் அல்ல, முதல் மூன்று உறுப்பு, கடைசி இரண்டு உறுப்பு போதும். உம்முடைய கணக்கையே எடுப்போம். ர = 5 என்றால் 13, 6 என்றால் 16, 7 என்றால் 19. அந்தப் பக்கம் 19 க்கு 55, 20 க்கு 58. ஆக,

13 + 16 + 19 + … + 55 + 58

இப்படி எழுதியவுடன் இது வெறும் கூட்டல் விருத்தி என்று தெரிந்துவிடும். உறுப்புகள் எத்தனை? இங்கேதான் பாதிப் பேர் விழுவது. 20 இலிருந்து 5 போனால் 15 என்று கை தன்பாட்டில் எழுதிவிடும். வேலி அடைக்கும்போது பார்த்திருப்பீர். 5 ஆம் அடியில் ஒரு கதியால், 6 ஆம் அடியில் ஒன்று, இப்படியே 20 ஆம் அடி வரை அடிக்கு ஒன்றாக நட்டால், இடையில் இருக்கும் நீளம் 15 அடி. ஆனால் நட்ட கதியால் 16. சிக்மா அளப்பது நீளத்தை அல்ல, எண்ணுவது கதியாலை. முதலும் கடைசியும் சேர்ந்தால் 13 + 58 = 71, அப்படி எட்டுச் சோடி: 8 × 71 = 568.

இனி உம்முடைய பிழைகளைப் பார்ப்போம். பிழைதான் நல்ல வாத்தியார். சூத்திரத்தால் போனால், 1 முதல் 20 வரை கூட்டினால் 210. அதிலிருந்து எடுத்துவிட வேண்டியது 1 முதல் 4 வரை உள்ள 10. மிச்சம் 200, அதன் மூன்று மடங்கு 600. பிறகு −2 ஒவ்வொரு உறுப்பிலும் இருக்கிறது, 16 தரம். எனவே 600 − 32 = 568. நீர் −2 ஐ ஒரேயொரு தரம் கழித்திருக்கிறீர், அதனால் 598. மாறிலிக்கு முன்னால் Σ வந்தால் அந்த மாறிலி உறுப்புகளின் எண்ணிக்கை அளவு தடவை கூட்டப்படுகிறது என்பதை மறந்ததால் வந்த வினை. இரண்டாவது தரம் 1 முதல் 5 வரை உள்ள 15 ஐ எடுத்துவிட்டு, உறுப்பு 15 என்று வைத்துச் செய்திருக்கிறீர்: 585 − 30 = 555. விடைக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? 13. அது உம்முடைய முதல் உறுப்பு. ஐந்தாம் கதியாலைப் பிடுங்கிப் போட்டுவிட்டீர்.

இன்னொரு வழியும் உண்டு. ர = 5 இல் தொடங்குவது தொந்தரவாக இருந்தால் எண்ணும் பெயரை மாற்றும். ர = ச + 4 என்று வைத்தால் ச 1 முதல் 16 வரை ஓடும், உறுப்பு 3ச + 10 ஆகும். 3 × 136 + 160 = 568. எங்கள் ஐயா சூடடித்துப் பொலி அளக்கும்போது முதல் மரைக்காலை "ஒன்று" என்று சொல்லமாட்டார். "லாபம்" என்றுதான் தொடங்குவார், பிறகு இரண்டு, மூன்று. பெயர் மாறியதால் நெல் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ர உம் அப்படித்தான், எண்ணுவதற்கு மட்டும் வைத்த பெயர். கூட்டி முடித்த பிறகு விடையில் ர எங்காவது நின்றால் விடை பிழை. திரும்பிப் போய்ப் பாரும்.

சரி, பொதுவான வழிக்கு வருவோம்.

மாரி காலத்தில் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்பதுதான் கிளிநொச்சிப் பக்கத்துக் கதை. காலையில் அளவுகோலைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளும். முதல் நாள் 21 அடி, அடுத்த நாள் 22½, அதற்கடுத்த நாள் 25, பிறகு 25½, பிறகு 29. நாலு நாளில் தண்ணீர் எவ்வளவு ஏறியது? ஒவ்வொரு நாள் ஏற்றத்தையும் எழுதிக் கூட்டலாம்: 1½ + 2½ + ½ + 3½ = 8. ஆனால் யார் அப்படிக் கூட்டுவார்கள்? 29 இலிருந்து 21 ஐக் கழித்தால் முடிந்தது. இடையில் உள்ள 22½, 25, 25½ மூன்றும் ஒருதரம் கூட்டலிலும் ஒருதரம் கழித்தலிலும் வந்து வெட்டுப்பட்டுப் போகின்றன.

உயர்தரத்தில் வரும் சிக்மாக் கணக்குகளில் பெரும்பாலானவை இந்தக் குளத்துக் கணக்குத்தான். உமக்குத் தரப்படும் உறுப்பு, அன்றைய ஏற்றம். நீர் கண்டுபிடிக்க வேண்டியது மட்டம். அதை ம(ர) என்று வைப்போம். உறுப்பு = ம(ர + 1) − ம(ர) என்று எழுத முடிந்துவிட்டால், 1 முதல் ந வரை கூட்டுத்தொகை ம(ந + 1) − ம(1). வேறு வேலை இல்லை.

பாடமாக்கிய சூத்திரங்கள்கூட இங்கிருந்துதான் வருகின்றன. மட்டம் ர² என்று எடும். ஏற்றம் (ர + 1)² − ர² = 2ர + 1. இதை 1 முதல் ந வரை கூட்டினால் ஒரு பக்கம் (ந + 1)² − 1. மறு பக்கம் 2Σர + ந. மாற்றி எழுதினால் Σர = ந(ந + 1)/2 தன்பாட்டில் விழும்.

Σர² க்கு (ர + 1)³ − ர³ ஐ எடுப்பது புத்தக வழி. எனக்குப் பிடித்தது வேறு. ர(ர + 1)(ர + 2) இலிருந்து (ர − 1)ர(ர + 1) ஐக் கழித்துப் பாரும். ர(ர + 1) பொதுவாக வெளியே வரும், உள்ளே (ர + 2) − (ர − 1) = 3. அதாவது 3ர(ர + 1). இங்கே மட்டம் ஒருபடி பின்னுக்குத் தொடங்குகிறது; ர = 1 இல் கழிபடுவது 0 × 1 × 2, அது பூச்சியம். எனவே

Σ ர(ர + 1) = ந(ந + 1)(ந + 2)/3

இதை ஒருதரம் கையால் செய்தவர் மறக்கமாட்டார். அடுத்தது Σ ர(ர + 1)(ர + 2) என்ன என்று கேட்டால் யோசிக்காமலே சொல்லலாம்: இன்னொரு காரணி சேரும், கீழே 4 வரும். அப்புறம் உம்முடைய இரண்டாவது கணக்கு: ர(ர + 2) = ர(ர + 1) + ர. ஆகவே கூட்டுத்தொகை ந(ந + 1)(ந + 2)/3 + ந(ந + 1)/2. ந(ந + 1)/6 ஐ வெளியே எடுத்தால் உள்ளே 2ந + 4 + 3. விடை ந(ந + 1)(2ந + 7)/6. ந = 2 போட்டுப் பாரும்: 3 + 8 = 11; சூத்திரத்தில் 2 × 3 × 11/6 = 11. பொருந்துகிறது.

ர² = ர(ர + 1) − ர என்று எழுதினால் அதே வழியில் ந(ந + 1)(2ந + 1)/6 வந்துவிடும். தேங்காய்க் கடையில் சதுரமாக அடுக்கி வைப்பார்களே, அடியில் நாலுக்கு நாலு, மேலே மூன்றுக்கு மூன்று, உச்சியில் ஒன்று; அதில் 16 + 9 + 4 + 1 = 30 தேங்காய். 4 × 5 × 9/6 உம் 30. ஆரியபட்டர் 499 ஆம் ஆண்டளவில் இந்தச் சூத்திரத்தை ஒரு சுலோகத்தில் சொன்னபோது அவரும் இதை ஓர் அடுக்காகவே, குவியலாகவே பார்த்தார். அவர் வைத்த பெயரிலேயே குவியல் இருக்கிறது. அதே இடத்தில் கனங்களின் கூட்டுத்தொகை, எண்களின் கூட்டுத்தொகையின் வர்க்கம் என்றும் சொல்லிவிட்டார். 1 + 8 + 27 + 64 = 100, 1 + 2 + 3 + 4 = 10. உம்முடைய மூன்றாவது சூத்திரம் அதுதான்.

ஒன்றைக் கவனியும். ர(ர + 2) ஐ நான் இரண்டாகப் பிரித்துக் கூட்டினேன், பெருக்கத்தைப் பிரிக்கவில்லை. Σர ஐயும் Σ(ர + 2) ஐயும் தனித்தனியே கண்டு பெருக்குகிற பிள்ளைகள் வருடத்துக்கு நாலு பேராவது என்னிடம் வருகிறார்கள். 1, 2, 3 ஐ எடும். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 14. 6 ஐ 6 ஆல் பெருக்கினால் 36. எங்கே 14, எங்கே 36.

இனி 1/(ர(ர + 2)). பின்னத்தில் உறுப்பு வந்தால் பகுதிப் பின்னம் என்பது தெரிந்திருக்கும்: ½(1/ர − 1/(ர + 2)). இதைச் செய்துவிட்டுத்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கியவன். தொண்ணூறுகளில் வன்னியில் நான் படித்தபோது மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்குத்தான். கொப்பிக்கும் தட்டுப்பாடு. அதனால் விரித்து எழுதுவது எனக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. மனதிலேயே வெட்டி ½(1 − 1/(ந + 2)) என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்தேன். படிப்பித்த சேர் பிழை என்று சொல்லவில்லை. "ந = 1 போடு" என்றார். என் விடை ½ × 2/3 = 1/3. சரியாக வந்தது! எனக்குப் பெருமை. "இப்ப 2 போடு" என்றார். உண்மையில் 1/3 + 1/8 = 11/24. என் விடை ½ × ¾ = 9/24. முகம் தொங்கிப் போனது. "ரெண்டு வான்கதவைத் திறந்தா ரெண்டையும் பூட்டவேணும்" என்றார்.

அவர் சொன்னது விரித்தால் விளங்கும். ½ ஐ வெளியே வைத்துவிட்டு ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதும்:

ர = 1: 1 − 1/3
ர = 2: 1/2 − 1/4
ர = 3: 1/3 − 1/5
ர = 4: 1/4 − 1/6
…
ர = ந − 1: 1/(ந − 1) − 1/(ந + 1)
ர = ந: 1/ந − 1/(ந + 2)

முதல் வரியின் 1/3 ஐ வெட்டுவது இரண்டாம் வரி அல்ல, மூன்றாம் வரி. இரண்டாம் வரியின் 1/4 ஐ வெட்டுவது நாலாம் வரி. இடைவெளி இரண்டு என்பதால் இடப்பக்கத்தில் மேலே இரண்டு உறுப்பும் வலப்பக்கத்தில் கீழே இரண்டு உறுப்பும் துணையில்லாமல் நிற்கும். எனவே

½(1 + 1/2 − 1/(ந + 1) − 1/(ந + 2))

சுருக்கினால் 3/4 − (2ந + 3)/(2(ந + 1)(ந + 2)). இடைவெளி மூன்றாக இருந்தால் மேலே மூன்று, கீழே மூன்று மிஞ்சும். இந்தப் படியை மனதில் செய்யாதேயும். இப்போது கொப்பிக்குப் பஞ்சமில்லை.

மறுபடி சரிபார்ப்பு பற்றி: ந = 1 மட்டும் போட்டுத் திருப்திப்படக்கூடாது என்பதற்கு என் கதையே சாட்சி. இரண்டும் போடும், நேரமிருந்தால் மூன்றும்.

இணைந்த கணிதம் முதலாம் பத்திரத்தில் இந்தக் கணக்கு வரும்போது பெரும்பாலும் வழியையும் அவர்களே காட்டிவிடுவார்கள்: உறுப்பு = ம(ர) − ம(ர + 1) ஆகுமாறு ஒரு சார்பைக் காண்க, அதிலிருந்து கூட்டுத்தொகையைக் காண்க, முடிவில் தொடர் ஒருங்குகிறதெனக் காட்டுக. கவனிக்க வேண்டியது திசை. நான் மேலே குளம் ஏறுவதாகச் சொன்னேன். அவர்கள் தருவது பெரும்பாலும் வடிகிற குளம். அப்போது விடை ம(1) − ம(ந + 1). குறியை மாற்றிப் போட்டுவிட்டு, நேர் எண்களைக் கூட்டிய விடை மறையாக வந்தும் கண்டுகொள்ளாமல் அடுத்த பகுதிக்குப் போகும் விடைத்தாள்களைப் பார்த்திருக்கிறேன். ஒருங்குதல் பகுதி இனாமாகக் கிடைக்கும் புள்ளி: ந பெரிதாகப் பெரிதாக 1/(ந + 1), 1/(ந + 2) இரண்டும் பூச்சியத்தை அணுகும், மேலே உள்ள கூட்டுத்தொகை 3/4 ஐ அணுகும். அதை ஒரு வசனத்தில் எழுதவும் வேண்டும். வெறும் 3/4 ஐ மட்டும் போட்டுவிட்டுப் போகாதேயும்.

பெருக்கல் விருத்தியும் இதே குடும்பம். 2 இன் ர ஆம் வலு என்பது, அதன் அடுத்த வலுவிலிருந்து அதையே கழித்தது. ஆகவே 1 + 2 + 4 + … + 512 = 1024 − 1 = 1023. கொஞ்சம் முரண்டு பிடிப்பது ர ஐ 2 இன் ர ஆம் வலுவால் பெருக்கி வருகிற உறுப்பு: 2 + 8 + 24 + 64 + … இதற்கு இரண்டால் பெருக்கி ஒரு இடம் தள்ளிக் கழிக்கிற வழியைப் படிப்பிப்பார்கள், அது நல்ல வழிதான். மட்டத்தைத் தேடினாலும் கிடைக்கும்: (ர − 2) ஐ 2 இன் ர ஆம் வலுவால் பெருக்கியது. அடுத்ததிலிருந்து இதைக் கழித்துப் பார்த்தால் உறுப்பு அப்படியே வரும். இந்த (ர − 2) எங்கிருந்து வந்தது என்றால், (அர + ஆ) என்று வைத்து அ, ஆ இரண்டையும் கண்டேன். மாயம் ஒன்றும் இல்லை. முதல் மூன்று உறுப்புக்கு விடை 34: மட்டம் ர = 4 இல் 2 × 16 = 32, ர = 1 இல் −2.

எல்லா உறுப்புக்கும் மட்டம் இப்படி அழகாகக் கிடைக்குமா? கிடைக்காது. 1 + 1/2 + 1/3 + … + 1/ந ஐ எடும். பார்க்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது. ஆனால் இதற்கு ந ஐ வைத்து ஒற்றைப் பின்னமாக எழுதக்கூடிய சூத்திரம் கிடையாது. 1/(ர(ர + 1)) க்கு இருக்கிறது, 1/ர க்கு இல்லை. எனவே பகுதிப் பின்னமாக்கிய பிறகு Σ1/ர ஐத் தனியாகவும் Σ1/(ர + 2) ஐத் தனியாகவும் கூட்டப் பார்த்து ஒரு மணித்தியாலம் மினக்கெட்டேன் என்று யாராவது சொன்னால், அவரில் பிழை இல்லை. அந்தப் பாதைக்கு முடிவில்லை. இரண்டும் சேர்ந்து நின்றால்தான் வெட்டுப்படும்.

கடைசியாக, உமக்கு இரண்டு கணக்கு. முதலாவது, Σ 1/((2ர − 1)(2ர + 1)), 1 முதல் ந வரை. இங்கே காரணிகளுக்கிடையே இடைவெளி 2 போலத் தெரியும். ஆனால் எத்தனை உறுப்பு மிஞ்சுகிறது என்று விரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லும். விடை ந/(2ந + 1) வரவேண்டும். இரண்டாவது, Σ ர × ர!, அதாவது 1, 2, 3 என்று ர வரை பெருக்கி அதை மறுபடி ர ஆல் பெருக்கியது. இதற்கு மட்டம் எது என்று நான் சொல்லமாட்டேன். ந = 3 க்கு 23 வந்தால் சரியான குளத்தில் நிற்கிறீர்.